நொட்டாங்கைப் பாஸ்கர்

விஜயபாஸ்கரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லைதான். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சம்பளம் கொடுத்த ஆட்கள். அவர்களில் இவன் ஒருத்தன். திட்டிக்கொண்டே எழுதுவேன், பொய் எழுத மாட்டேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். துபாய்க்குக் கையாளாக வந்து சாந்து குழைத்தேன். குழைத்த கை ஒருநாள் பூச்சுக் கரண்டி பிடித்தது, பிறகு ஆள் பிடித்தது. இன்றைக்கு அஜ்மானில் 'உடையப்பன் பிளாஸ்டரிங்' என்று இங்கிலீஷிலும் அரபியிலும் எழுதிய பஸ் ஓடுகிறது என்றால், அதை எவனும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அரபு எழுத்து எனக்கு வாசிக்க வராது. ஆனால் என் கஃபீல், அதாவது எனக்கு ஸ்பான்சராக இருக்கிற அரபி, என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். இதைப் பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

விஜயபாஸ்கர் திருப்பத்தூர் பக்கம். டிப்ளமோ படித்து அதைப் பாதியில் விட்டவன். முழுக்கப் படித்தவனிடம் கொஞ்சம் அடக்கம் இருக்கும்; படிக்காத என்னிடம் உழைப்பு இருக்கும். பாதி படித்தவனிடம் இரண்டும் இருக்காது. இங்கிலீஷ் பேசுவான் என்று அவனை ஃபோர்மேனாகப் போட்டேன். பேசினான். கன்சல்டன்ட் ஆட்கள் சுவரைத் தட்டிப் பார்த்து 'பாஸ்' என்று சொன்னால், "ஐ ஒன்லி டூ சார்" என்று முன்னால் போய் நிற்பான். பூச்சு ஒட்டாமல் உள்ளே பொக்கு இருக்கிறது என்று ஸ்ப்ரேயில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டால், "திஸ் சோலையப்பன் சார்" என்பான். சோலையப்பன் யாரென்றால் எங்களிடம் பழைய கொத்தனார். கண்டனூர்க்காரர். ஐம்பது தாண்டியவர், தோள்பட்டை போனவர், வாய் மட்டும் போகாதவர்.

"ஃபோர்மேன் சார், பாஸான செவுரெல்லாம் ஒம்பாடு, பொக்கான செவுரெல்லாம் எம்பாடு. அப்ப நம்ம ரெண்டு பேருமா சேந்து ஒரு பில்டிங்கு கட்டிருக்கோம்ல?" என்று அவர் கேட்டால் பாஸ்கர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவான். போனில் மறுபக்கம் ஆள் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் கை நல்ல கை. நொட்டாங்கைக்காரன். அறையின் இடது மூலையில் வலது கைக்காரன் கரண்டியை வைத்துக்கொண்டு உடம்பை முறுக்குவான். இவன் நின்ற இடத்தில் நின்றபடி இழுத்துக்கொண்டு போவான், மூலை கத்தி மாதிரி நிற்கும். ஆனால் ஃபோர்மேன் ஆன பிறகு கரண்டியைத் தொடுவது அவனுக்குக் கேவலமாகிவிட்டது. யாராவது, "நீங்க நொட்டாங்கையா பாய்?" என்று கேட்டால் வெட்கப்படுவான். கிறுக்கன். நல்லதாக இருந்த ஒன்றைப் பார்த்து வெட்கப்பட்டான்.

அவன் பெண்டாட்டி ஜோதிமணி. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் சுஷ்மிதா. ஜோதிமணி கல்யாணமான புதிதிலேயே, "நானும் அந்த ஊரு நர்ஸ் பரீட்சை எழுதிட்டு அங்க வந்துர்றேங்க" என்று கேட்டிருக்கிறாள். இவன், "பொம்பளை சம்பாதிச்சு நான் உக்காந்து திங்கணுமா? நான் கூப்பிட்டுக்கிர்றேன்" என்று வீரம் பேசியிருக்கிறான். கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று பிள்ளை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு ஒப்பிக்கும் வயதும் வந்துவிட்டது. என் கம்பெனியில் ஃபோர்மேனுக்குக் குடும்ப விசா கிடையாது. அதற்கு மேலே ஸ்டாஃப் என்று ஒரு படி உண்டு, அவர்களுக்குத்தான் அது. என்னிடம் கேட்டான். "மொதல்ல ஒரு செவுத்துக்காவது நான்தான் பொறுப்புன்னு சொல்லு, அப்புறம் ஸ்டாஃப் ஆக்குறேன்" என்றேன். அதோடு கேட்பதை விட்டுவிட்டான்.

போன வருஷம் வெயில்காலத்தில் ஜோதிமணி போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். அடுத்த பள்ளிக்கூட வருஷத்துக்குள் கூப்பிட்டால் சரி. இல்லாவிட்டால் அவள் பாட்டுக்குப் பரீட்சை எழுதுவாள், யார் தடுத்தாலும் கேட்க மாட்டாள். கேம்பில் எல்லோருக்கும் இது தெரியும். ரூமில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் போனில் பேசினால் ரகசியம் எங்கே இருக்கும்?

அதற்குப் பிறகுதான் பாஸ்கர் மிஸ்டர் கார்ல் பின்னால் சுற்ற ஆரம்பித்தான். கார்ல், எங்களுக்கு வேலை கொடுக்கிற பெரிய கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர். அமெரிக்காக்காரர். ஆள் பனைமரம், வெயிலில் நின்றால் முகம் சுட்ட மிளகாய். அவர் கையெழுத்துப் போட்டால் பாஸ்கரை அந்தக் கம்பெனியில் ஸ்டாஃபாக எடுத்துக்கொள்ளலாம். எங்களிடமிருந்து அவனை விடுவிக்கிற ரிலீஸ் கடிதம் நான் தர வேண்டும். தரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. போகிறவனைக் கட்டி வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் கார்லுக்கு இவன் யாரென்றே தெரியாது. தினம் "குட் மார்னிங் சார்" என்பான். அவரும் தினம் "குட் மார்னிங் மை ஃப்ரெண்ட்" என்பார். பெயர் தெரியாதவனைத்தான் வெள்ளைக்காரன் மை ஃப்ரெண்ட் என்று கூப்பிடுவான்.

ஆகஸ்ட் மாதம் கார்லின் கம்பெனிக்கும் கன்சல்டன்ட் கம்பெனிக்கும் வருஷா வருஷம் பேஸ்பால் மேட்ச். வாரம் முழுக்க இவன் கட்டியதை அவன் இடி என்பான். அவன் சொன்னதை இவன் முடியாது என்பான். அந்த ஆத்திரத்தை எல்லாம் ஒரு சனிக்கிழமை மைதானத்தில் தீர்த்துக்கொள்வார்கள். ஏன் ஆகஸ்டில் என்றால், அப்போதுதான் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கும். கேட்க ஆள் இல்லை.

பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே. அதற்கு நாங்கள். சப் கான்ட்ராக்டர் எல்லாம் ஆளுக்கு ஒரு பஸ் ஆள் அனுப்பணும் என்று மெயில் வந்தது. மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தார்கள், கார்ல் கம்பெனி பெயர் போட்டது. பாஸ்கர்தான் பங்கு போட்டுக் கொடுத்தான். ஏதோ அவன் தைத்தது மாதிரி.

"கார்ல் சார் டீமுக்கு நம்மதான் சப்போர்ட்டு. நல்லாக் கத்தணும். எனக்காக" என்றான்.

"ஒனக்காகவா, கார்லுக்காகவா?" என்றார் சோலையப்பன்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"அப்ப ஒன் பொண்டாட்டிக்காக. அதைச் சொல்லு, தொண்டை கிழியக் கத்துறேன். அந்தப் புள்ள பாவம்."

நானும் போனேன். பஸ் என்னுடையது, என் ஆட்களை நான் போகாமல் எங்கும் அனுப்பியதில்லை. அஜ்மானை விட்டு வெளியே வந்து பாலைவனப் பக்கம் ஒரு மைதானம். வெயில் காலத்தில் நண்பகல் நேரம் வெளியில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்த நேரம் முடிந்து கொஞ்சம் கழித்து, சம்பளமே இல்லாமல், யாரும் சொல்லாமல், பெரிய படிப்புப் படித்தவர்கள் குல்லாயைப் போட்டுக்கொண்டு மணலில் ஓடுகிறார்கள் பாருங்கள், அதற்கு என்ன சட்டம்? காற்றே இல்லை. இருந்த காற்றும் ஈரத்துணியை மூஞ்சியில் போட்ட மாதிரி. எங்கள் ஆட்கள் துண்டை நனைத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, மஞ்சள் சட்டையோடு கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே தலைதான்.

அந்த ஆட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம்: கிட்டிப்புள்ளுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டது. ஒருவன் எறிகிறான், ஒருவன் உலக்கை மாதிரி மட்டையை வீசுகிறான், பாதி நேரம் படவே இல்லை. பட்டால் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறான்.

"என்னப்பா இது, மட்டையைக் கடாசிட்டுப் போறான்?" என்றார் சோலையப்பன். "கோவமா?"

"இல்லண்ணே. அது ரூலு" என்றான் பாஸ்கர். "ரன் எடுக்கையில வெயிட்டு இருக்கக் கூடாதுல்ல."

"எதுக்கு வட்டமாச் சுத்துறான்?"

"நாலு மூலையத் தொட்டா நாலு ரன்னு."

எனக்கும் அந்த ஆட்டம் தெரியாது. ஆனால் பலகையில் ஒன்று என்றுதான் மாறியது என்பதைப் பார்க்க எனக்குக் கண் இருந்தது. பாஸ்கர் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. சோலையப்பன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

விளக்குப் போட்ட பிறகு ஆட்டம் கடைசிக்கு வந்தது. இரண்டு பக்கமும் சமம். சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவனிடமே கோப்பை இருக்கும் என்று பேச்சு. போன வருஷம் ஜெயித்தது கன்சல்டன்ட். கார்ல் பக்கம் இன்னும் ஒருவன் அவுட்டானால் முடிந்தது. கார்லே மட்டையோடு வந்தார். அவர் ஒரு சுற்று ஓடி வந்துவிட்டால் கோப்பை அவருக்கு.

அடித்தார். அடி என்றால் அடி. பந்து மைதானத்துக்குள் விழுந்து, குதித்து, எங்கள் பக்கமாக உருண்டு வந்தது. எங்களுக்கும் மைதானத்துக்கும் நடுவில் சுண்ணாம்பில் ஒரு வெள்ளைக் கோடு நீளமாகப் போட்டிருந்தார்கள். கயிறு அதற்கும் இந்தப் பக்கம். பந்து அந்தக் கோட்டைத் தாண்டியது. அவ்வளவுதான், எங்கள் ஆட்கள் மொத்தமும் எழுந்து, "ஃபோர்" என்று கத்தினார்கள். என் வாயும் கத்தியது. நாங்கள் கண்டது கண்மாய்க்கரை கிரிக்கெட். கோட்டைத் தாண்டினால் பவுண்டரி, ஆட்டம் நின்றது, பக்கத்தில் நிற்கிறவன் பந்தைப் பொறுக்கிப் போட வேண்டியது. அது மரியாதை. பொறுக்கிப் போடாதவனைத்தான் ஊரில் திட்டுவார்கள்.

பாஸ்கர் கயிற்றைத் தாண்டினான். ஓடுகிற பந்தைக் குனிந்து நொட்டாங்கையால் எடுத்து, நிமிர்ந்த வேகத்தில் எறிந்தான். நான் என் ஆயுசில் அப்படி ஒரு எறியைப் பார்த்ததில்லை. மேலே போகவில்லை, கீழே விழவில்லை. நூல் பிடித்த மாதிரி மைதானத்தின் குறுக்கே போய், மட்டைக்காரன் நிற்கிற இடத்துக்குப் பின்னால் முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தவன் கையுறையில் தப் என்று உட்கார்ந்தது. அவன் கையை அசைக்கக்கூட இல்லை. அதே நேரத்தில் மூன்று மூலையையும் சுற்றி முடித்துக் கார்ல் மூச்சிரைக்க ஓடி வருகிறார். முகமூடிக்காரன் பந்தோடு அவர் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினான். அப்படித் தட்டினால் அவுட்டாம்.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, அந்த ஆட்டத்தில் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனாலும், உள்ளே விழுந்துவிட்டுப் போன பந்து உயிருள்ள பந்து. வெளியாள் யாரும் தொடக் கூடாது. அம்பயர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கன்சல்டன்ட் ஆட்கள் கத்தினார்கள், கார்ல் ஆட்கள் அதைவிடக் கத்தினார்கள். கடைசியில், பார்க்க வந்தவன் தொட்டதால் அவுட்டும் இல்லை, ரன்னும் இல்லை, கார்ல் மூன்றாவது மூலையில் போய் நிற்கட்டும் என்று தீர்ப்பு. நின்றார். அடுத்து வந்த ஆள் மூன்று தடவை காற்றை அடித்து அவுட்டாகிப் போனான். ஆட்டம் சமம். கோப்பை கன்சல்டன்டுக்கு.

பாஸ்கர் இதற்குள் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்து, துண்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான்.

கார்ல் எங்களை நோக்கி நடந்து வந்தார். முகம் நெருப்பு. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் அந்தப் பந்து. எங்கள் ஆட்கள் பெரிய மனிதர்கள் கூப்பிட்டு நல்லது கேட்டதே இல்லை. கூப்பிட்டால் திட்டு, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பயம் இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"இந்தப் பந்தை எறிந்தது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இங்கிலீஷ் தெரிந்தவன் ஃபோர்மேன். அவன்தான் பதில் சொல்லணும். சொன்னான். வலது கையை நீட்டி, "திஸ் சோலையப்பன் சார்" என்றான்.

சுவருக்குச் சொல்கிற அதே வாக்கியம். மாற்றக்கூட இல்லை.

சோலையப்பன் திரும்பி அவனைப் பார்த்தார். அதற்குள் கார்ல் கயிற்றைத் தாண்டி வந்து சோலையப்பனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை; அது வெயிலில் சிவந்த முகம். "வாட் ஏன் ஆர்ம்" என்று தோளைத் தட்டுகிறார், அதுவும் வலிக்கிற தோளை. தன் குல்லாயைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். பந்தைக் கையில் திணித்து, இன்னொரு தடவை எறி என்று காட்டினார்.

"என்ன முதலாளி, என்ன செய்யச் சொல்றான்?" என்றார் சோலையப்பன் என்னிடம்.

"எறியச் சொல்றாரு."

"இந்தத் தோளை வச்சுக்கிட்டா? சோத்துத் தட்டத் தூக்கவே படைச்சவனக் கூப்புட வேண்டியிருக்கு."

எறிந்தார். பந்து அவர் கால் பக்கத்திலேயே விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. கார்ல் சிரித்தார். பிறகு யோசித்தார். "இல்லை. அவன் இடது கை" என்றார். வரிசையாக எங்கள் ஆட்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாஸ்கரின் நொட்டாங்கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனதை நான் பார்த்தேன். சோலையப்பனும் பார்த்தார். கார்ல் அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

என்னிடம் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "மிஸ்டர் உடை, அந்த இடது கைக்காரனைக் கண்டுபிடித்து என்னிடம் அனுப்பு. எங்கள் டீமில் கம்பெனி ஸ்டாஃப்தான் ஆடலாம். அவனை ஸ்டாஃப் ஆக்கிவிடுகிறேன். ஸ்டோரிலோ ஆபீசிலோ ஓர் இடம். அடுத்த வருஷம் இவர்களை ஒரு கை பார்க்கணும்."

நான் தலையாட்டினேன். அவன் யாரென்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்? கை அவனுடையது, பாக்கெட்டும் அவனுடையது.

"டேய் பாஸ்கரு" என்றார் சோலையப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "கையை வெளிய எடுடா. நீ கேட்டதுதாண்டா வந்து நிக்கிது. எடுறா."

பாஸ்கர் கையை எடுக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வேறொருவனைக் காட்டிவிட்டானே. இப்போது நான்தான் என்றால் பொய்யன் ஆகிவிடுவான். பொய்யனாகத் தெரியக் கூடாது என்பதற்காகப் பொய்யனாகவே நின்றான். கார்ல் மைதானத்தைத் தாண்டிப் போய் அவர் வண்டியில் ஏறினார்.

பஸ்ஸில் திரும்பும்போது யாரும் அவனோடு பேசவில்லை. சோலையப்பன் மட்டும் அந்தக் குல்லாயைத் தலையில் வைத்துக்கொண்டு, "நான்தாய்யா எறிஞ்சேன். ஃபோர்மேனே சொல்லிட்டாரு. எங்க போனாலும் இனிமே இந்தப் பேருதான்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். பாஸ்கர் எழுந்து முன்னால் வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான்.

"முதலாளி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்னன்னு?"

"அது நான்தான்னு."

"ஒன் கைய நீ தூக்கல. நான் புடிச்சுத் தூக்கணுமா?"

"திட்டுவாருன்னு நெனச்சேன்."

"திட்டுனா என்னடா? நான் வாங்காத திட்டா? அரபி திட்டிருக்கான், பட்டான் திட்டிருக்கான், எகிப்துக்காரன் செருப்பக் கழட்டிருக்கான். எம் பேரு எழுதுன பஸ்ஸுலதான் இப்ப நீ உக்காந்திருக்கே."

"திங்கக்கெழம நானே போய்ச் சொல்லிர்றேன்."

"போ. ரிலீஸ் நான் தர்றேன். கலாஸ், முடிஞ்சுது."

போனான். கார்லின் கேபின் வாசல் வரைக்கும் போனான். அங்கே இருந்த ஆபீஸ் பையன் என்ன வேலை என்று கேட்டதற்கு, குடிதண்ணி கேன் வந்துவிட்டதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். மறுநாளும் போனான், உள்ளே மீட்டிங்காம். அதற்கடுத்த வாரம் கார்ல் லீவில் போனார். லீவு முடிந்து வரவில்லை. கத்தாரில் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த மேனேஜர் கொரியாக்காரர். அவருக்குப் பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம்; சுவர் நேராக இருந்தால் போதும்.

பாஸ்கர் வீட்டுக்குச் சொன்ன கதை வேறு. சோலையப்பன் குறுக்கே விழுந்து பந்தை எறிந்து காரியத்தைக் கெடுத்துவிட்டார், கார்ல் கோபித்துக்கொண்டு யாரையும் எடுக்கவில்லை, இல்லாவிட்டால் எடுத்திருப்பார் என்று சொல்லியிருக்கிறான். அவன் நேரம், கன்சல்டன்ட் பக்கம் எவனோ அந்த எறியைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டான். அது வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிக் காரைக்குடிக்கே போய்விட்டது. முகம் தெரியாது. தலையில் துண்டு, மஞ்சள் சட்டை. ஆனால் கட்டினவளுக்குப் புருஷன் எறிகிற தினுசு தெரியாதா? பொங்கலுக்கு ஊர் மைதானத்தில் அவன் எறிவதைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாளாம்.

ஜோதிமணி எனக்குப் போன் செய்தாள். அதற்கு முன்னால் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"அய்யா, நான் பாஸ்கர் வீட்டுலருந்து பேசுறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்த மேனேஜரு அன்னைக்குத் திட்டவா வந்தாரு?"

"இல்லம்மா. வேலைக்குக் கூப்புட வந்தாரு."

"எறிஞ்ச ஆளவா?"

"ஆமா."

"எறிஞ்ச ஆளு பக்கத்துலதான நின்னாக?"

"பக்கத்துலதான் நின்னான்."

கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"இத்தன வருசமா உண்மையச் சொன்னா நான் திட்டுவேன்னும் அவுக பயந்துருக்கலாம்" என்றாள். "சரிங்கய்யா. வச்சுர்றேன்."

அழவில்லை. அந்தப் பெண்ணை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே புத்தகத்தை எடுத்துவிட்டாளாம். பகல் டியூட்டி, விடியக்காலைப் படிப்பு. பரீட்சை எழுதினாள், பாஸ் ஆனாள். அஜ்மானில் ஒரு கிளினிக்கில் வேலை வாங்கிக்கொண்டு, டிக்கெட் எடுத்த பிறகுதான் புருஷனிடம் சொன்னாள். மகளை அடுத்த சில மாதத்தில் தன் விசாவிலேயே கூப்பிட்டுக்கொண்டாள். கிளினிக் பக்கத்திலேயே ஒரு படுக்கையறை ஃபிளாட் அவள் பெயரில் எடுத்தாள். பாஸ்கர் கேம்பிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக அங்கே போய்ச் சேர்ந்தான். இன்னும் என்னிடம்தான் ஃபோர்மேன். இன்னும், "திஸ் சோலையப்பன் சார்" நிற்கவில்லை.

வீடு பால் காய்ச்சியதற்கு என்னையும் சோலையப்பனையும் கூப்பிட்டிருந்தான். போனோம். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு கேரளாக் குடும்பமும் கிளினிக்கிலிருந்து இரண்டு நர்சுகளும் வந்திருந்தார்கள். பாஸ்கர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"கஷ்டம்தான் சேட்டா. ஆனா குடும்பத்தக் கூப்புடணும்னு முடிவு பண்ணிட்டேன். கூப்ட்டுட்டேன்" என்று அந்த மலையாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் காதுபட. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாயைத் திறந்திருப்பேன். ஜோதிமணி தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"ஆமாண்ணே, அவுகதான் கூப்ட்டாக" என்றாள் அந்த மலையாளியிடம். "நான் ஏர்போர்ட்டுல எறங்கி, வெளிய வர வழி தெரியாம நின்னேன். இந்தப் பக்கம் வான்னு கையக் காட்டிக் கூப்ட்டாக."

சோலையப்பனுக்குப் புரை ஏறிவிட்டது. நர்சுகள் சிரித்தார்கள். பாஸ்கரும் கூடச் சேர்ந்து சிரித்தான், அது வேறு யாரையோ சொன்னது மாதிரி. சுஷ்மிதா, "அப்பா, தே ஆர் லாஃபிங் அட் யூ" என்றாள். அதற்கும் சிரித்தான்.

சாப்பாடு போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் உப்புக்கறியும். நான் எத்தனையோ விருந்து சாப்பிட்டவன். கறி பதம் தப்பினால் இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பேன். அன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். "யம்மா, பிரமாதம்" என்று ஜோதிமணியிடம் சொன்னேன்.

"எனக்கு ராத்திரி டியூட்டிங்கய்யா. காலையிலதான் வந்தேன். இதெல்லாம் அவுக வச்சது" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பாஸ்கர் குழம்புச் சட்டியோடு நின்றவன், சட்டியைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டான்.

"இல்ல முதலாளி, மசாலா மட்டும்தான் நான். மத்ததெல்லாம் ஜோதிதான்" என்றான்.

மேலும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன். அந்த ஆளிடம் பேசி என்ன செய்ய?